குறைபட்ட வண்டியும் கூட்டுறவாளர் கடமையும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

நெசவாளர் ஒருவர் சங்கத்திலிருந்து பெற்ற நூலைப் பாவோடி நெய்கிறார். புடவை விற்பனைக்குச் சென்றபின், முதல் நனைப்பிலேயே சாயம் கசிகிறது என்று செய்தி வருகிறது. அப்பொழுது பொறுப்புள்ள சங்கம் என்ன செய்யும்? அந்தச் சிட்டம் எந்த நாளில், எந்தத் தொட்டியில் சாயமேற்றப்பட்டது என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். அதே தொட்டியின் நூல் இன்னும் எத்தனை தறிகளுக்குச் சென்றது, எத்தனை புடவைகள் கடைக்குப் போயின என்று கணக்கெடுக்கும். மற்றவர் வந்து முறையிடும்வரை காத்திராமல் அவற்றையெல்லாம் தானே திரும்ப அழைக்கும். சங்கத்தின் பெயர் இதனால் கெடுவதில்லை, மாறாக, நிலைபெறுகிறது.

நாம் விலை கொடுத்து வாங்கும் மோட்டார் வண்டிக்கும் இதுவே நீதி. சாயம் போன புடவையால் மானம் போகலாம். தடை பிடிக்காத வண்டியால் உயிரே போகக்கூடும். பாகலூர், பேரிகை வட்டாரத்தில் ரோஜாவும் காய்கறியும் விளைவிப்போர் விடியுமுன்பே சரக்கேற்றிக்கொண்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் விரைகின்றனர். ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் இரு சக்கர வண்டிகளில் போய்வருகின்றனர். வண்டியில்லாத அங்கத்தினர் வீடு அரிது. ஆகவே, வண்டியில் பிறவிக்குறை இருப்பின் அதனைச் செலவின்றிச் சீர்செய்துகொள்ளும் உரிமையைப் பற்றி ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

திரும்ப அழைத்தல் என்பது யாது?

"கம்பெனி வண்டியைத் திரும்பப் பெறுகிறதாம்" என்று கேள்விப்பட்டவுடன் சிலர் அஞ்சுகின்றனர். தவணை கட்டத் தவறியவரின் வண்டியைக் கடன் கொடுத்தவர் இழுத்துச் செல்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இது அத்தகையதன்று. தயாரித்தவர், தாம் விற்ற வண்டிகளில் ஒரு தொகுதியில் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் குறை இருக்கலாம் என்று கண்டு, அத்தொகுதியின் உரிமையாளர்களை அழைத்து, வண்டியைச் சோதித்து, வேண்டிய உறுப்பை இலவசமாக மாற்றிக் கொடுத்தலே திரும்ப அழைத்தல் ஆகும். வேலை முடிந்தவுடன் வண்டி உரியவரிடமே வந்துவிடும்.

மூன்று விஷயங்களைப் பிரித்து அறியவேண்டும். டயரும் தடைக்கட்டையும் ஓட்டத்தில் தேய்வது தேய்மானம், அச்செலவு நம்முடையது. குறிப்பிட்ட காலத்திற்குள் உறுப்பு பழுதானால் மாற்றித் தருவது உத்தரவாதம். அதற்குக் கெடு உண்டு. வண்டி பிறக்கும்பொழுதே உடன் பிறந்த அபாயகரமான குறைக்காக உரிமையாளரை அழைப்பது மூன்றாவது வகை. "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது" என்ற பதில் முதலிரண்டோடு நிற்கவேண்டியது. திரும்ப அழைக்கப்பட்ட வண்டிக்கு அது பொருந்தாது.

குறை எவ்வாறு பிறக்கிறது?

ஒரு வண்டியில் உள்ள உறுப்புகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் பலவற்றை வெவ்வேறு பட்டறைகள் செய்து ஆலைக்கு அனுப்புகின்றன. ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது நன்கு தெரியும். ஒரு நாள் வந்த உலோகத்தில் கலப்புப் பிசகினாலும், ஒரு முறையில் பற்றவைப்பு நெகிழ்ந்தாலும், அந்தக் குறை அந்நாட்களில் செய்த வண்டிகள் அனைத்திலும் ஏறிவிடுகிறது. ஆகவேதான் அறிவிப்புகளில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தயாரித்தவை" என்று எல்லை குறிக்கிறார்கள். சாயத் தொட்டியின் கணக்கும் இதுவே.

அழைக்கப்பட்ட வண்டிகள் எல்லாவற்றிலும் குறை இருந்தே தீரும் என்பதில்லை. தமிழ்நாட்டில் ஆலைகளுள்ள ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2021 மே மாதத்தில் 2,36,966 மோட்டார் சைக்கிள்களை அழைத்தது. தீப்பொறி உண்டாக்கும் சுருளில் குறை இருக்கலாம் என்பதே காரணம். அவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றிலேயே உறுப்பை மாற்ற நேரிடும் என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. பின் ஏன் அத்தனை பேரையும் அழைக்கவேண்டும்? எந்த வண்டியில் குறை இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. "என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று வீட்டில் இருந்துவிடுவோர் அந்தப் பத்தில் ஒருவராகவும் இருக்கலாம்.

அண்மைய எடுத்துக்காட்டுகள்

இவை எங்கோ தொலைவில் நிகழ்பவை அல்ல. ஓசூரில் ஆலையுள்ள டி.வி.எஸ். நிறுவனம், 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 9 வரை தயாரித்த ஐக்யூப் மின் ஸ்கூட்டர்களின் சட்டத்திலுள்ள இணைப்புக் குழாயைச் சோதிக்கப்போவதாக 2024-இல் அறிவித்தது. நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஆலையுள்ள ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர் ஒன்று 2022 மார்ச் மாதத்தில் புனே நகரில் தீப்பற்றியது. அது தனித்து நிகழ்ந்த ஒன்றாகவே தோன்றுகிறது என்று அந்நிறுவனம் கூறியபோதிலும், முன்னெச்சரிக்கையாக அதே தொகுதியைச் சேர்ந்த 1,441 வண்டிகளை ஏப்ரலில் அழைத்துச் சோதித்தது. அதே மாதத்தில் ஒகினாவா நிறுவனமும் 3,215 ஸ்கூட்டர்களை அழைத்தது. இதன்பின் மின் வண்டிகளின் மின்கலங்களுக்கு மத்திய அரசாங்கம் கடுமையான பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சரக்கு வண்டியும் இதற்கு விலக்கன்று. மகிந்திரா நிறுவனம் 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரித்த 29,878 பிக்கப் வண்டிகளை 2021 ஜூலையில் அழைத்தது. திரவம் செல்லும் குழாய் சரிவரப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற ஐயமே அதற்குக் காரணம். தக்காளியும் பூவும் ஏற்றுவோர் மிகுதியாக ஓட்டுவது இவ்வகை வண்டிகளையே.

இவற்றைக் கூறுவது எந்த நிறுவனத்தையும் இழித்துரைப்பதற்காக அன்று. குறையைக் கண்டு அழைப்பவர் கடமையைச் செய்பவர். மறைப்பவரிடமே நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மறைத்தலின் விளைவுக்கு அமெரிக்காவில் ஒரு பெரும் பாடம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்களில், சாவி போடும் சுவிட்ச் ஓடும்பொழுதே நழுவி இயந்திரத்தை அணைத்துவிட்டது. அவ்வேளையில் காற்றுப்பையும் விரியாமற் போயிற்று. பின்னர் சுவிட்சைத் திருத்தியவர்கள், உறுப்பின் எண்ணை மாற்றாமலே புதியதைப் பொருத்தினார்கள். எது பழையது, எது புதியது என்று ஆய்ந்தவர்களுக்கு விளங்காமல் ஆண்டுகள் கழிந்தன. 2014-இல்தான் அக்கார்கள் அழைக்கப்பட்டன. ஏறத்தாழ 26 லட்சம் கார்கள். அக்குறையால் இறந்தோராக இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டவர்கள் 124 பேர். பதிவேட்டில் ஓர் எண்ணைச் சரியாக எழுதாமையின் விலை அதில் அடங்கியிருந்தது.

சட்டம் கூறுவது

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் 2012 ஜூலையில் தானே முன்வந்து ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. அது விருப்பத்தைப் பொறுத்தது, கட்டாயமன்று. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அப்பிரிவின் சாரம் வருமாறு: ஓட்டுநருக்கோ, உடன் செல்வோருக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருப்பின், அதனைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசாங்கம் தயாரிப்பாளருக்கு ஆணையிடலாம். தயாரிப்பாளர் வண்டியைச் சீர்செய்து தரவேண்டும். அல்லது மாற்று வண்டி தரவேண்டும். அல்லது விலையைத் திருப்பித் தரவேண்டும். கட்டாய ஆணை, தயாரித்து 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே உரியது. அபராதம், வண்டிகளின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஆகும். தயாரிப்பாளர் தாமே குறையைக் கண்டு அரசாங்கத்துக்குத் தெரிவித்து அழைப்பாராயின் அவருக்கு அபராதம் இல்லை.

இதில் கூட்டுறவாளர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அரசாங்கம் விசாரணையில் இறங்குவதற்குரிய வழிகளுள் ஒன்று, உரிமையாளர்கள் அளிக்கும் புகார்களின் எண்ணிக்கை. ஒருவர் புகார் செய்தால் அது அவருடைய வண்டியின் நோய். பலர் செய்தால் அந்த வகை வண்டியின் நோய். பலர் சேர்ந்து உரைக்கும் சொல்லுக்குத் தனி வலிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது.

கடிதம் யாருக்குச் செல்கிறது?

எத்துணை நல்ல சட்டமாயினும், அழைப்பு உரியவர் கையில் சேராவிடில் பயனில்லை. நம் வட்டாரத்தில் இதுவே பெருங்குறை.

மாலூரிலோ பெங்களூரிலோ ஒருவர் பயன்படுத்திய பிக்கப் வண்டியை நம் விவசாயி ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை பேசிப் பணம் கொடுத்துச் சாவியைப் பெற்றுக்கொள்கிறார். பதிவுச் சான்றிதழில் பெயர் மாறவில்லை. "வண்டிதான் நம்மிடம் இருக்கிறதே, காகிதம் மெதுவாக வரட்டும்" என்று இருந்துவிடுகிறார். இரண்டாண்டுகள் கழித்துத் தயாரிப்பாளர் அவ்வகை வண்டிகளை அழைக்கிறார். கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகிறது; கைப்பேசிச் செய்தியும் அவருக்கே போகிறது. வண்டியை விற்றவர் அதைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார். இங்கே நம்மவர் குறைபட்ட தடையோடு பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு இருளில் சரிவிறங்கிக்கொண்டிருக்கிறார். அவரைக் காப்பதற்கென எழுதப்பட்ட கடிதம் வேறொருவர் வீட்டில் கிடக்கிறது.

ஆகையால், பழைய வண்டி வாங்குவோர் பின்வருவனவற்றை நினைவில் நிறுத்துக:

1. வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தம் பகுதிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். நமக்கு அது ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். இதற்குரியவை 29, 30 ஆம் எண் படிவங்கள்.

2. கர்நாடகப் பதிவுள்ள வண்டியாயின், அங்குள்ள பதிவு அதிகாரியிடமிருந்து 28 ஆம் எண் படிவத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று பெறவேண்டும். அச்சான்று கையில் வருமுன் முழுத் தொகையையும் கொடுத்துவிடுதல் விவேகமன்று.

3. வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால், புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பித்தல் வேண்டும்.

4. அவ்வகை வண்டிக்குரிய அங்கீகாரம் பெற்ற பழுது நிலையத்திலும் தம் பெயரையும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துகொள்ளவேண்டும். அப்பொழுதே, "இந்த வண்டிக்கு ஏதேனும் அழைப்பு நிலுவையில் உள்ளதா?" என்றும் கேட்டறியவேண்டும்.

வண்டியை விற்பவருக்கும் கடமை உண்டு. விற்றபின் தமக்கு வரும் அழைப்புக் கடிதத்தை வாங்கியவரிடம் சேர்ப்பித்தல் மனிதப் பண்பாகும்.

சேசிஸ் எண்ணை அறிக

அழைப்புக்கு உட்பட்ட வண்டியா அன்றா என்பதைக் காட்டுவது பதிவு எண் அன்று, சேசிஸ் எண்ணே. எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட அவ்வெண் பதிவுச் சான்றிதழில் அச்சாகியிருக்கும். வண்டியின் சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்துகளுள் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்றும் அதில் இடம்பெறா. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் மயங்கும் என்பதால் விலக்கிவிட்டனர். படியெடுப்போர் இதனை அறிந்திருந்தால் பிழை நேராது. தயாரித்த மாதமும் ஆண்டும் அதே சான்றிதழில் உள்ளன. நிறுவனத்தின் வலைத்தளத்திலோ பழுது நிலையத்திலோ இவ்வெண்ணைக் கொடுத்தால் விடை கிடைக்கும். மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் வலைத்தளத்திலும் அழைப்புகளின் பட்டியல் உண்டு.

குறை கண்டவர் செய்யவேண்டியவை

அழைப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதில்லை. தடை திடீரெனப் பிடிக்காமற் போதல், திசைமாற்றி இறுகிக்கொள்ளுதல், எரிபொருள் கசிதல், மின்கலம் அளவுக்கு மீறிச் சூடேறுதல், ஓடும்பொழுதே இயந்திரம் நின்றுபோதல் ஆகியவை தோன்றினால் வண்டியை அப்பொழுதே நிறுத்திவிடவேண்டும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று தெய்வத்திற்கு நன்றி கூறிவிட்டு மறுநாளும் அதே வண்டியை ஓட்டுவது நம்மிடையே உள்ள வழக்கம். நன்றி கூறுக, ஆனால் எழுதியும் வைக்க.

எந்த நாள், எந்த இடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், எவ்வளவு சுமையோடு, என்ன நிகழ்ந்தது என்று குறித்துக்கொள்ளவேண்டும். பழுது நிலையத்தில் ஒப்படைக்கும்பொழுது, "பொதுச் சோதனை" என்று எழுத விடாமல், நாம் கண்ட குறையை நம் சொற்களிலேயே வேலைச் சீட்டில் எழுதச் செய்து படி பெறவேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும், சீட்டு நிற்கும். கழற்றிய உறுப்பைப் படமெடுத்து வைத்தலும் நன்று.

பழுது நிலையம் செவிசாய்க்காவிடில் தயாரிப்பாளருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மத்திய அரசாங்கத்தின் பரிவாகன் வலைத்தளத்தில் வண்டிக் குறைகளைப் பதிவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவற்றாலும் தீராவிடில், கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். வண்டி எந்த ஊரில் வாங்கியதாயினும், மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பெங்களூரில் வாங்கியவரும் பெங்களூருக்கு அலையவேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிலாயின் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரையில் 200 ரூபாய்.

"சரக்கு வண்டி வைத்திருப்பவர் வியாபாரி, அவர் நுகர்வோர் அல்லர்" என்று எதிர்த்தரப்பினர் வாதிடக்கூடும். தம் உழைப்பால் தம் பிழைப்பை நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று அச்சட்டம் விளக்கியிருக்கிறது. தம் விளைபொருளைத் தாமே ஏற்றிச் செல்லும் சிறு விவசாயி இதனை எடுத்துக்காட்டலாம்.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவருக்குக் கடினமானது சங்கத்துக்கு எளிது. அங்கத்தினர் வண்டிகளுக்கென ஒரு பதிவேடு தொடங்கலாம். உரிமையாளர் பெயர், வண்டி வகை, சேசிஸ் எண், தயாரித்த மாதம், பெயர் மாற்றம் முடிந்த நாள், கண்ட குறை என ஆறு பத்திகள் போதும். செயலாளர் மாதம் ஒருமுறை புதிய அழைப்புகளைப் பார்த்து, உரிய அங்கத்தினருக்குத் தெரிவித்துப் பலகையிலும் எழுதலாம். ஒரே வகை வண்டியில் ஒரே குறையை மூவர் நால்வர் கூறியிருப்பதாகப் பதிவேட்டில் தெரிந்தால், அவர்கள் அனைவரும் ஒரே நாளில் தனித்தனியே பரிவாகன் தளத்தில் புகார் பதியச் செய்யலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும் சங்கத்தின் தொண்டே.

பதிவேடு எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் சாயத் தொட்டியின் எண்ணை எழுதிவைத்த சங்கம்தான் குறைபட்ட புடவையைத் திரும்ப அழைக்க முடிந்தது. வண்டியின் எண்ணை எழுதிவைத்த சங்கமும் அவ்வாறே ஒரு நாள் தன் அங்கத்தினரைத் தக்க நேரத்தில் அழைத்து, "இன்று சுமை ஏற்றவேண்டாம், முதலில் பழுது நிலையத்துக்குப் போங்கள்" என்று சொல்ல முடியும்.

ஆய்வுக் குழுவில் விவாதிப்பதற்குரிய வினாக்கள்

1. தேய்மானம், உத்தரவாதம், திரும்ப அழைத்தல் ஆகிய மூன்றையும் உங்கள் வண்டியிலிருந்தே எடுத்துக்காட்டுத் தந்து வேறுபடுத்துக.

2. நம் சங்கத்து அங்கத்தினருள் எத்தனை பேரின் வண்டி இன்னும் பிறர் பெயரில் உள்ளது? பெயர் மாற்றத்துக்குத் தடையாக நிற்பது யாது?

3. சென்ற ஓராண்டில் உங்கள் வண்டியில் கண்ட குறைகளுள் எழுத்தில் பதிந்தவை எத்தனை? வாய்ச்சொல்லோடு நின்றவை எத்தனை?

4. வண்டிப் பதிவேட்டை யார் பொறுப்பில் விடலாம்? அடுத்த கூட்டத்திற்குள் அதனைத் தொடங்க என்ன செய்யவேண்டும்?

அடுத்த கூட்டத்திற்கு வரும்பொழுது ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வண்டியின் பதிவுச் சான்றிதழின் படி ஒன்றைக் கொண்டுவருதல் நலம்.